ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

உங்களுக்கு,

மீன்தொட்டித் தண்ணீரை இனி நானே மாற்றிக்கொள்ள முடியுமா, ஞாயிறுதோறும் நீங்கள் இங்கே வரத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தனி வீடு போன இந்த எட்டு மாதத்தில் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை, போன வாரம் தவிர.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று நானே உப்பைக் கரைத்து ஒரு வாளி தண்ணீர் மாற்றினேன். அதிலிருந்து தொட்டிக்குள் வளரும் பூப்பவளம் மூடிக்கிடக்கிறது. விரல் விரலாக ஆடும் பூக்கள் உள்ளே போய், வெறும் கல்லாகத் தெரிகிறது. காலையும் மாலையும் உப்பளவு பார்த்தேன், குறையில்லை. வெளிச்சம் போதவில்லையோ என்று மூன்று முறை இடம் மாற்றினேன்.

வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரரிடம் கேட்டேன், சிரித்துவிட்டார். “மேடம், காலேஜ் பழக்கத்த இங்கயும் காட்டுறீங்களே! தினம் பரீட்சை வெச்சா யாரு தலைகாட்டுவா? ரெண்டு நாள் கை வெக்காம விடுங்க. சார் இருந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?”

“அவர் இருந்தப்பவும் அப்பப்ப மூடிக்கும்” என்றேன்.

நேற்று இவ்வளவுதான் எழுதினேன். ‘என்னால் முடியாது’ என்று முடித்து அனுப்பிவிடலாம் என்றிருந்தேன். கடைக்காரர் சொன்னபடி கை வைக்காமல் விட்டிருந்தேன்; இன்று காலை கல்லூரிக்குக் கிளம்பும்போது பார்த்தால், பவளம் முழுதாக விரிந்திருந்தது. ஆகவே, தண்ணீரை நானே மாற்றிக்கொள்ள முடியும். உங்கள் கேள்வியின் மறுபாதி அப்படியே இருக்கிறது. வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன். நீங்கள் கை துடைக்கும் பழைய துண்டைத் துவைத்து, அதன் பக்கத்தில் மடித்து வைத்தேன்.

இப்படிக்கு,
நான்