செருப்புப் படிப்பு

ரிஷிவந்தியம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சரத்குமாருக்கு, அம்மா பெரியநாயகி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் மாடு இரண்டும் உன் தங்கையும் சுகம், அதில் மாடு இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. உன் உடம்பு எப்படி இருக்கிறது, பட்டாளத்துச் சப்பாத்தி ஒத்துக்கொள்கிறதா, இதை முதல் வரியிலேயே எழுதிப் போடு, மற்றதெல்லாம் பிறகு. பயிற்சி முடிகிற வரைக்கும் போன் கைக்கு வராது என்று நீ சொல்லிவிட்டுப் போனதால் கடிதம்தான் கதி என்றாகிவிட்டது. எனக்குப் படிக்க வரும், எழுத உட்கார்ந்தால் நாலு வரிக்கு ஒரு பகல் போய்விடும், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் வாங்கிப் படித்துப் பார்ப்பேன் என்று சொல்லித்தான் பேனாவைக் கொடுத்திருக்கிறேன். (அண்ணா, நான் தேவிப்ரியா. அடைப்புக்குறிக்கு வெளியே இருப்பது அம்மா, உள்ளே இருப்பது நான். அம்மா 'இன்னா', 'வூடு' என்று சொல்வதையெல்லாம் பாடப்புத்தகத் தமிழாக மாற்றிப் போடுகிறேன். மொழிபெயர்ப்புக் கூலி ஒரு முறுக்கு.)

மழை இரண்டு நாள் பெய்தது, கரும்பு முழங்கால் உயரம் நிற்கிறது, பன்றி வராமல் இருக்க உன் அப்பா பழைய புடவைகளை எடுத்து வரப்பில் கட்டிவிட்டார், அதில் ஒன்று பழையது இல்லை, அதை அவரிடம் பேசிக்கொள்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. இவள் அறுநூறுக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு. (மதிப்பெண் பட்டியலில் மதிப்பு கொஞ்சம் கம்மி, பெண் மட்டும் முழுசாக இருக்கிறாள்.) பள்ளிக்கூட வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள். முதல் மார்க் வாங்கிய கலையரசியின் முகம் பூசணிக்காய் அளவு, இவள் முகம் கீழே ஓரத்தில் எலுமிச்சம்பழ அளவு. உன் அப்பா அந்த எலுமிச்சம்பழத்தை மட்டும் போட்டோ எடுத்துப் பெரிதாக்கி ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறார். மார்க்கில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில், அதற்குத்தான் இந்தக் கடிதம். உன் தங்கை செருப்பு செய்யும் படிப்புக்குப் போகிறேன் என்கிறாள், சீட்டும் கிடைத்துவிட்டது, அனுப்புவதா வேண்டாமா என்று நான் சொல்ல வேண்டும்.

இது விளையாட்டில் ஆரம்பித்த கதை. போன வருஷம் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் பிள்ளைகளை உட்கார வைத்து, பிளஸ் டூ முடித்து என்ன படிக்கப் போகிறீர்கள் என்று படிவம் நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் முப்பத்தெட்டுப் பெண்கள், முப்பது பேர் நர்சிங், ஆறு பேர் போலீஸ், கலையரசி டாக்டர். இவள் பட்டியலைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்து, யாரும் தொடாத ஒன்றைத் தேடிப் பிடித்து, காலணி வடிவமைப்பு என்று போட்டிருக்கிறாள். (ஒரு நாளைக்கு மூன்று வேளை செருப்பால் அடிப்பேன் என்று கேட்டு வளர்ந்தவள் வேறு எதைப் போடுவாள் அண்ணா? அந்தத் துறையில் எனக்குப் பதினேழு வருஷ அனுபவம்.) உயர்கல்விக்கு வழிகாட்டும் கோகிலவாணி டீச்சர் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கவே இல்லையாம், சரி, நுழைவுத் தேர்வு எப்போது என்று பார்க்கிறேன் என்று குறித்துக்கொண்டாராம். அந்த டீச்சர் அன்றைக்குச் சிரித்துத் தொலைத்திருந்தால் எல்லாம் அத்தோடு போயிருக்கும்.

அதற்குப் பிறகு நாட்டு நலப்பணி முகாம் என்று கல்வராயன் மலைக்கு ஏழு நாள் கூட்டிப்போனார்கள். மற்றப் பிள்ளைகள் அங்கே பாதையில் முள் வெட்டினார்கள், பள்ளிக்கூடச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். இவள் மலையில் பழக்கமான கவியா என்ற பெண்ணோடும் அவள் அம்மாவோடும் ரேஷன் கடைக்கு இறங்கியிருக்கிறாள். கவியாவின் அம்மா செருப்பைக் காலில் போடாமல் கையில் பிடித்துக்கொண்டே சரிவில் இறங்கினாளாம். இவள் வாய் சும்மா இருக்குமா, "இன்னாக்கா, கைக்கு வாங்கின செருப்பா" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அந்த அம்மா, "எறக்கத்துல போட்டா செருப்பு முன்ன போவுது, நான் பின்ன போறேன். ரெண்டு பேரும் ஒண்ணா போய்ச் சேரணும்னா கையிலதான் தூக்கிக்கினு போவணும்" என்றாளாம். அன்றிலிருந்து இவள் யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்க்கிறாள். என் புதுச் செருப்பின் வாரைப் பிரித்துப் போட்டாள். உன் அப்பா காலையில் கழனிக்குக் கிளம்பி சைக்கிளை உருட்டினால் பின்சக்கரத்தில் டியூப் இல்லை. இவள் அதை வெட்டிக் குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் வாராக்கி, அடியில் டயர்த் துண்டுகளைக் குறுக்கே வரி வரியாக ஒட்டி, மலைச்செருப்பு என்று பெயர் வைத்து, கள்ளக்குறிச்சியில் நடந்த மாவட்ட அறிவியல் கண்காட்சியில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். மூன்றாம் பரிசு கொடுத்தார்கள். அதைப் பார்க்க உன் அப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனார். (முதல் பரிசு எரிமலை. எந்த வருஷமும் எரிமலைதான். நம் மாவட்டத்தில் எரிமலை எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.)

பரிசு வாங்கிய திமிர் அடங்குவதற்குள் ஆண்டு விழா வந்தது. குத்துவிளக்கு ஏற்ற மேடை ஏறிய பெரியவர்கள் பதினோரு பேர் படி ஓரம் செருப்பைக் கழற்றி விட்டிருக்கிறார்கள். பேசி முடித்து இறங்கி வந்து பார்த்தால் அத்தனையும் கவிழ்ந்து கிடக்கிறது, வெளி ஓரம் தேய்ந்தது ஒரு வரிசை, உள் ஓரம் தேய்ந்தது ஒரு வரிசை, குதிகால் தேய்ந்தது ஒரு வரிசை. சிறப்பு விருந்தினர் ஒரு காலில் கறுப்பும் ஒரு காலில் காப்பிக் கலருமாக வண்டி ஏறினார். மறுநாள் என்னை வரச் சொன்னார்கள். தலைமையாசிரியர், "உங்க பொண்ணு பண்ண வேலைக்கு டிசி குடுத்து அனுப்பியிருக்கணும்மா. ஆனா எனக்கு மட்டும் செருப்பு ஏன் மூணு மாசத்துல பிஞ்சி போவுதுன்னு நேத்திக்குத்தான் தெரிஞ்சிது" என்றார். திட்டுகிறாரா புகழ்கிறாரா என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். (குனிந்தது உண்மை. குனிந்து அம்மா அவர் செருப்பைத்தான் பார்த்தது, பக்கத்தில் நின்ற நான் சாட்சி.)

நுழைவுத் தேர்வுக்கு உன் அப்பாதான் சென்னைக்குக் கூட்டிப்போய் வந்தார். யாராவது ஒருவருக்கு ஏற்ற காலணியை வரைந்து காட்டு என்று ஒரு கேள்வியாம், இவள் கவியாவின் அம்மாவுக்கு வரைந்துவிட்டு வந்திருக்கிறாள். டெல்லிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்திருக்கிறது, நாலு வருஷம். அரசுப் பள்ளிப் பிள்ளை என்பதால் செலவை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று டீச்சர் சொல்கிறார். முடித்தால் ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கமெல்லாம் கம்பெனி இருக்கிறது, வரைகிற வேலை, சோதித்துப் பார்க்கிற வேலை, நல்ல வேலைதான் என்கிறார். இதெல்லாம் சரி. போன வாரம் ஒரு காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது உன் தீனதயாளன் மாமா அத்தனை பேர் நடுவில், "இன்னாக்கா, பன்னெண்டாவது வரைக்கும் படிக்க வச்சி பொண்ண செருப்பு தைக்கவா அனுப்பற? நம்ம ஜனம் செய்யற வேலையா அது" என்று கேட்டான். இவள் எதிர் வரிசையிலிருந்து, "மாமா, உங்க செருப்பு எடது பக்கம் மட்டும் பள்ளமா தேஞ்சிருக்குது, எடது முட்டி நோவுதா" என்றாள். அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் கோபப்பட்டான். (செருப்பு வேண்டும், செய்கிறவர் மட்டும் மட்டம் என்றால் மாமா இனி வெறுங்காலில் நடந்து பழகட்டும். இதைப் பந்தியிலேயே சொல்லியிருப்பேன், அம்மா வந்து தொடையில் கிள்ளிவிட்டது. இங்கேயும் எழுதாதே என்கிறது, எழுதிவிட்டேன்.)

தீனதயாளன் பேச்சு இரண்டு நாள் எரியும், பிறகு ஆறிவிடும். என் பயம் வேறு. இவள் எதையும் விளையாட்டாக ஆரம்பித்து விளையாட்டாக விட்டுவிடுகிறவள். தையல் வகுப்புக்குப் பதினோரு நாள் போனாள், கராத்தே ஒரு மாதம், அது உனக்கே தெரியும். படிவத்தில் கேலிக்குப் போட்ட ஒன்றை நம்பி அவ்வளவு தூரம் அனுப்பி, பாஷை தெரியாத ஊரில் சலித்துப்போய்த் திரும்பி வந்தால் ஒரு வருஷம் போச்சு. ஒரு பிள்ளையை வடக்கே அனுப்பிவிட்டு, இன்னொன்றையும் அனுப்பிவிட்டால் சாயங்காலமானால் நானும் உன் அப்பாவும் மாட்டு முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். கள்ளக்குறிச்சியில் காலேஜ் இருக்கிறது, காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அதனால் சரத்து, நீ பதில் எழுதும்போது, தேவி, அந்தப் படிப்பு வேண்டாம், கள்ளக்குறிச்சியிலேயே சேர் என்று உன் கையால் எழுது. நான் வேண்டாம் என்று சொன்னால் ஆயுசு முழுக்க மனசில் வைத்துக்கொண்டிருப்பாள். நீ சொன்னால் பத்து நாள் திட்டிவிட்டு மறந்துவிடுவாள். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு முன்னால் உன் கடிதம் வந்துவிட வேண்டும். காலில் ஈரத்தோடு படுக்காதே, வாரம் ஒரு முறை தலைக்கு எண்ணெய் வை, கூட இருப்பவர்களோடு சண்டை வேண்டாம். நம் சாமி உன்னைக் காப்பாற்றும்.

(அண்ணா, அம்மா மாடு கட்டப் போயிருக்கிறது. போகும்போது, "இந்தப் பக்கத்த நான் படிக்கல, நீயே கவர்ல போட்டு ஒட்டி வை" என்று சொல்லிவிட்டுப் போனது. பேனா என் கையில், கவரும் என் கையில். தாளை மாற்றி எழுத எனக்குக் கால் மணி நேரம் போதும். மாற்றவில்லை. அம்மா சொன்னது அத்தனையும் மேலே அப்படியே இருக்கிறது, அம்மா தன் பயத்தைச் சொன்ன இடத்தில் நடுவில் நான் ஒரு அடைப்புக்குறிகூடப் போடவில்லை என்பதைப் பார்த்துக்கொள். இதிலும் விளையாடினால் அம்மா என்னைப் பற்றிச் சொன்னது சரி என்று ஆகிவிடும். படிவத்தில் கேலிக்குத்தான் போட்டேன். மலையிலிருந்து இறங்கி வந்த பிறகு கேலி இல்லை. இரண்டு காலும் எப்படித் தரையில் படுகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது, அதை நம் ஊர்ப் பக்கத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு அந்தப் படிப்பு வேண்டும் அண்ணா. நீ வேண்டாம் என்று எழுதினால் திட்டுவேன் என்று அம்மா சொன்னது சரி. பத்து நாளில் மறந்துவிடுவேன் என்றது தப்பு.)

சரத்து இது அம்மா என் கையால எழுதறேன். கடுதாசிய தபால்ல போட்டுட்டேன்னு அவகிட்ட பொய் சொல்லிட்டு அரிசிப் பானையில ஒளிச்சி வச்சி மூணு நாளா எழுதிக்கினு இருக்கேன். அன்னிக்கி வேணும்னுதான் படிக்காம எழுந்து போனேன். மாட்ட கட்டிட்டு சும்மா முக்கா மணி நேரம் நின்னேன். மாத்தித்தான் எழுதியிருப்பா, மாத்தியிருந்தா கள்ளக்குறிச்சி காலேஜ்தான்னு முடிவு பண்ணிக்கினு வந்து கவர பிரிச்சி படிச்சேன். நான் சொன்னது சொன்னபடி இருக்குது. கீழ அவ எழுதினதையும் ரெண்டு தடவ படிச்சேன். நீ வேணாம்னு எழுத வேணாம். நேத்து டீச்சர்கிட்ட போயி கையெழுத்து போட்டுட்டு வந்துட்டேன், உங்கப்பாவும் போட்டாரு. தீனா கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீயும் அங்க கூட இருக்கிற பசங்ககிட்ட என் தங்கச்சி செருப்பு செய்ய படிக்கப் போறான்னு சொல்லு, மெல்லமா சொல்லாத. வேளைக்கி சாப்புடு, நல்லா இரு. ஒண்ணு மட்டும் மறக்காத. அவகிட்ட நான் இன்னும் சொல்லல, டீச்சரும் சொல்ல மாட்டாங்க. உன் பதில்ல எல்லாம் அம்மா இஷ்டம்னு மட்டும் எழுதி அனுப்பு. பதினேழு வருஷமா என்ன படுத்தி வச்சதுக்கு ஒரு பத்து நாளு பயந்துகினு இருக்கட்டும், மூணு நாளா கேக்காமலே பாத்திரம் கழுவறா.

இப்படிக்கு
உன் அம்மா
பெரியநாயகி சுப்புராயன்