அப்பா வண்டியை நிறுத்தாத இடம்

லிஸ்மோர்,
மே 21, காலை.

அன்பு மகள் ஓர்லாவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குட்டி மேவும் சுகம்தானே? பெர்த்தில் குளிர் ஆரம்பித்திருக்கும், குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், பாதிப் பேச்சில் பிடுங்கியும் கொள்கிறார். இப்போது விடுதிக்காரம்மாவின் நாயை அழைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறார். அவர் திரும்புவதற்குள் இதை முடித்து உறைக்குள் போட வேண்டும்.

நாங்கள் கோட்டை பார்க்கக் கிளம்பியதைக் கேட்டு நீ சிரித்தாய். சிரிக்க வேண்டியதுதான். முப்பத்தாறு வருஷம் பால் லாரி ஓட்டி, எத்தனையோ கோட்டை வாசலைக் கடந்து போன மனுஷன், ஒன்றிலாவது எட்டிப் பார்த்ததுண்டா? நான் கேட்டபோதெல்லாம், "கூரையில்லாத வீட்டப் பாக்க டிக்கெட்டு வேறயா?" என்பார். பிப்ரவரியில் அவரே வரைபடத்தை வாங்கி வந்து மேசையில் விரித்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

ட்ரிம் கோட்டை பார்த்த இரண்டு நாளும் மழை. கில்கென்னியில் வெயில், கூடவே கூட்டம். காலைச் சாப்பாட்டில் என் தட்டிலிருக்கும் பன்றி ரத்தப் புட்டையும் சேர்த்து உன் அப்பாதான் தின்கிறார். கேஷல் பாறை மேல் இடிந்து கிடக்கும் தேவாலயத்தில் ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பக்தி வந்துவிட்டது போலிருக்கிறது என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கேஹரிலிருந்து இங்கே வரும் வழியில்தான் அது நடந்தது. குறுகலான சாலை. எதிரே ஒரு டிராக்டர் ஒதுங்கி வழிவிட்டது, ஓட்டியவர் வணக்கமாக ஒரு விரலைத் தூக்கினார். உன் அப்பா பதிலுக்குத் தூக்கவில்லை. ஊர்பேர் தெரியாதவனுக்கும் ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்காமல் போகாதவர் ஆயிற்றே! காலையில் நான் ஏதோ சொன்னதற்குக் கோபம் என்று நினைத்தேன்.

அடுத்த வளைவில் எதிரே சவ ஊர்வலம். முன்னால் பெட்டி வைத்த கறுப்பு வண்டி, பின்னால் சனங்கள் நடந்து வருகிறார்கள். எங்களுக்கு முன்னால் போன இரண்டு காரும் ஓரம்கட்டி நின்றுவிட்டன. உன் அப்பா நிற்கவில்லை, ஓர்லா. அந்த இரண்டு காரையும் சுற்றிக்கொண்டு, துக்கக்காரர்களை உரசுகிற மாதிரி ஓட்டிக்கொண்டு போனார். ஒரு பெரியவர் கையில் தொப்பியோடு எங்களையே பார்த்தார். வெட்கத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்ன மனுஷன்யா நீ? சாவுக்கு நிக்கத் தெரியாதா?" என்று கத்தினேன். "எந்தச் சாவு?" என்று கேட்டார். ஒரு வயல் கேட்டின் அருகே வண்டியை நிறுத்தி, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். பிப்ரவரியில் ஸ்லைகோவில் கண் டாக்டரிடம் போயிருக்கிறார், எனக்குத் தெரியாமல். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை அழிந்துகொண்டே வருகிறதாம். திரும்பி வராதாம். "ஓரமெல்லாம் நல்லாத்தான் தெரியுது, ஃபிலோ. நடுவுலதான் ஒரு பொகை. பார்வை இருக்கற வரைக்கும் உன்னைக் கூட்டிக்கிட்டு நாலு எடம் சுத்திடலாம்னு நெனச்சேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேலாவது மோதிக் கொன்றிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். அழுதேன். அவரும் அழுதார். பிறகு, அந்த வீட்டாரைப் பார்த்து மன்னிப்புக் கேட்காமல் இங்கிருந்து நகரமாட்டேன் என்றார். ஊர் எல்லையைத் தாண்டிக் கார் ஓட்டி எனக்குப் பத்து வருஷம் ஆகிறது. ஓட்டினேன். "கியரப் பிடிச்சுக் கொல்லாதடி" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

அடக்கம் முடிந்து எல்லாரும் ஊர் மண்டபத்தில் இருந்தார்கள். அப்பா விசாரித்துக்கொண்டு நேரே இறந்தவரின் அக்காவிடம் போய்க் கையைப் பிடித்து, "உங்க துக்கத்துல பங்கெடுத்துக்கறேம்மா. நிக்காம போன கார் என்னோடதுதான். எனக்குக் கண்ணு தெரியல" என்றார். என்னிடம் மூன்று மாதம் மறைத்ததை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க மோஸியும் ஆயுசுல யாருக்கும் வழிவிட்டவன் இல்ல. உங்களப் பாத்து பெட்டிக்குள்ளேயே சிரிச்சிருப்பான். உக்காருங்க, சாண்ட்விச் சாப்பிடுங்க" என்றாள். மூன்று கோப்பை டீ குடித்த பிறகுதான் விட்டார்கள்.

வெளியே வந்ததும் நாற்பது வருஷப் பழக்கத்தில் சாவியை அவரிடம் நீட்டிவிட்டேன். அவர் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, சுற்றிப் போய் இடது பக்கக் கதவருகே நின்றார். மலைப்பாதை முழுக்க ரோடோடென்ட்ரான் புதர்கள் ஊதாவாகப் பூத்துக் கிடந்தன. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே வந்தார். இந்த ஊர்க் கோட்டையையும் நேற்று அப்படித்தான் பார்த்தார்.

இது உன் கைக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்வார். "உங்கம்மாவுக்குத் திடீர்னு கார் ஓட்டற ஆசை வந்துடுச்சு" என்று சொல்வார். நம்பியது போலவே இரு. என்னைக் கேலி செய்து சிரி, அவருக்கு ஆறுதலாக இருக்கும். அவராகச் சொல்கிற வரை நீ கேட்காதே. சொல்லுவார்.

நீங்கள் வருவது ஆகஸ்டில் என்று முடிவாகிவிட்டது, தெரியும். மாப்பிள்ளையின் லீவை மாற்றி ஜூனிலேயே வர முடியுமா என்று பாரம்மா. டப்ளின் ஏர்போர்ட்டில் தடுப்புக்கு முன்னால் முதல் ஆளாக அவர்தான் நிற்பார். நீ தூரத்தில் நின்று கையசைக்காதே. கிட்டே வந்து, "அப்பா, நான் ஓர்லா" என்று முதலில் உன் பேரைச் சொல். பிறகு மேவைத் தூக்கி அவர் முகத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் ஓரமாகப் பிடி. அவள் முகத்தை அவர் இன்னும் நேரில் பார்க்கவில்லை.

கடவுள் உங்கள் மூவரையும் காப்பாராக.

உன் அம்மா,
ஃபிலோமினா