கடலுக்கு மொட்டை

13.8.1978, ஞாயிறு

தூறல். குனோங் ராபாட்டிலிருந்து ஈப்போ, ஈப்போவிலிருந்து லுமுட். பஸ்ஸில் இரண்டு வாந்தி. ஒன்று என்னுடையது இல்லை.

பள்ளி விடுமுறை முடியும்வரை அக்கா வீடு. அக்கா இளைத்துவிட்டாள், அத்தான் கறுத்துவிட்டார். லகாட் பக்கத்து எஸ்டேட்டில் புல்வெட்டு ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். முதலாளி எஸ்டேட்டை விற்றதும் சம்பான் படகு வாங்கி நண்டு பிடிக்க வந்து ஒரு வருஷம். வாசலிலேயே கடல்.

நண்டு எல்லாம் என்னைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறதாம், அத்தான் சொன்னது. ராத்திரிச் சாப்பாட்டில் டின் சார்டின்.

14.8, திங்கள்

வெயில். விடியற்காலையில் அத்தானோடு சம்பானில். கம்பிவலைக் கூடு, உள்ளே மீன்தலை, கயிறு, கயிற்று நுனியில் மிதக்க ஒரு எண்ணெய்ப் போத்தல். நம்முடையது சிவப்பு. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பாக் டின்னுடையது வெள்ளை.

சிவப்பு: சிப்பி, குச்சி, யாரோ ஒருவருடைய செருப்பு.
வெள்ளை: நண்டு, நண்டு, நண்டு.

கண்ணு பட்டுப் போச்சு என்கிறார் அத்தான். செருப்புக்கா?

15.8, செவ்வாய்

தண்ணீர் இறங்கியது. பாக் டின்னின் மகள் ரோஹானி (என் வயது, என்னைவிட மோசம்) கடலுக்குள் கூட்டிப்போனாள். அடியில் புல்வெளி! பச்சை நாடா மாதிரி நீளம். விலக்கினால் நகம் அளவு நண்டு, கண்ணாடி மாதிரி இறால் குஞ்சு, ஒரு கடல்குதிரை. காலை வைக்கவே கூச்சம்.

நம் வீட்டுக்கு நேரே மட்டும் வெறும் சேறு. முழங்கால் வரை இழுக்கிறது.

போன மாதம் அத்தான் மண்வெட்டியோடு இறங்கிச் சுத்தம் செய்தாராம். கூடு வைக்க வசதியாக. எஸ்டேட் கை, புல்லைக் கண்டால் அரிக்கும். "கடலுக்குள்ளயும் லாலான் புல்லு முளைச்சிருக்கு லா, விட்டுவைக்க முடியுமா?" என்கிறார். தைப்பூசம் வராமலே கடலுக்கு மொட்டை போட்ட ஒரே மனிதர். புல்லை உருவியதால் புல்லுருவி என்று பட்டம் கொடுத்தேன். துண்டால் ஓர் அடி.

அக்கா தனியாகச் சொன்னது: கரையில் விடுதி கட்டும் சீன முதலாளி, தவுக்கே, அந்த மொட்டையைப் பார்த்து மயங்கிவிட்டார். குளிக்க வருகிறவர்கள் காலில் புல் தட்டக் கூடாதாம். குடா முழுக்க இப்படி வழித்துத் தர வேண்டும். சனிக்கிழமை தண்ணீர் அடிவரை இறங்கும், அதற்குள் பதில். பழைய புல்வெட்டு ஆட்களை லாரியில் இறக்க அத்தான் யோசிக்கிறார். நண்டு இல்லாத வீட்டில் வேறு என்ன யோசிப்பது?

16.8, புதன்

தலைவலி என்று அக்காவிடம் பொய். ரோஹானியும் நானும் போத்தல்களை மாற்றிக் கட்டினோம். சிவப்பு புல்லில், வெள்ளை சேற்றில். பக்கத்துப் பக்கத்து இடம்தான். தண்ணீர் ஏறினால் புல்லும் சேறும் ஒரே நிறம். நாளைக்கு அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டும்.

17.8, வியாழன்

பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

இருட்டு விலகுமுன் சிவப்புப் போத்தலைத் தேடித் தேடி இழுத்தார். கூடு நிறைய நண்டு. சம்பானிலேயே ஆடினார். புல்லைப் புடுங்கின பலன் இப்பத்தான் தெரியுது என்றார். மத்தியானமே தவுக்கேயிடம் சரி சொல்லப் போகிறாராம்.



அக்கா கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள். கம்பியில் சுற்றியிருந்த பச்சை நாடாவை உருவி எடுத்து அத்தான் முன்னால் ஆட்டினாள்.

"உங்க இடம்தான் மொட்டையாச்சே. இது எங்கேருந்து வந்துச்சு?"

அத்தான் நாடாவைப் பார்த்தார். பிறகு என்னை. நான் சிரித்திருக்கலாம், சிரிப்பு வரவில்லை. சொல்லிவிட்டேன்.

திட்டவே இல்லை. அது இன்னும் மோசம். கூடையைத் தூக்கிக்கொண்டு பாக் டின் வீட்டுக்குப் போனார். பாதி நண்டோடு திரும்பினார். பாக் டின் கோபப்படவில்லையாம்; இன்றைக்கு அவர் கூட்டில் ஒரு செருப்பு, ஜோடி சேர்ந்ததா என்று மட்டும் கேட்டாராம்.

சேர்ந்தது. இரண்டும் இடது கால்.

18.8, வெள்ளி

மழை. அத்தான் பேசவில்லை. தேநீரில் உப்புப் போட்டேன், குடித்துவிட்டார். பயமாக இருந்தது.

சாயங்காலம் சைக்கிளில் போய் தவுக்கேயிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். தவுக்கே வேறு ஆள் பார்ப்பாராம். அக்கா பழைய அரிசி டின்னைத் திறந்து பார்த்து மூடினாள். 

19.8, சனி

நல்ல வெயில். தண்ணீர் அடிவரை இறங்கியது. அத்தான் மண்வெட்டியை எடுத்தார். அக்கா வாசலிலேயே நின்றாள்.

அவர் போனது புல்வெளி ஓரத்துக்கு. அங்கொன்றும் இங்கொன்றுமாக வேரோடும் மண்ணோடும் பெயர்த்துச் சாக்கில் போட்டார். எஸ்டேட்டில் ரப்பர் கன்று செத்த இடத்தில் வேறு கன்று வைப்பார்களே, அதே மாதிரி. சேற்றில் ஒவ்வொன்றாகக் குத்தி வைத்தார். பாக் டின் வந்து பார்த்தார். வேர் பிடிக்குமா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். ஆனால் ரோஹானியை இன்னொரு சாக்கு எடுத்துவரச் சொன்னார்.

அத்தானுக்குக் கோணல் பிடிக்காது. குச்சி நட்டு, லைன் கயிறு கட்டினார். கடலுக்குள்! மறுமுனையை என்னிடம் நீட்டினார்.

"கொழுந்தியா, நேரா புடி."

இரண்டு நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. பிடித்தேன். அவர் குனிந்ததும் கொஞ்சம் வளைத்தேன்.