பானட்டுக்குக் கீழே சொட்டிய தீர்த்தம்

என் செல்ல ராட்சசி ரீட்டா அக்காவுக்கு,

மேலே ஏசி இருக்கிறதா? உன் காரில் அது மனசு வைத்தால்தான் குளிரும்.

அந்தக் காரை அப்பா விற்றுவிட்டார். நீ இல்லாமல் அது வாசலில் நிற்பதைப் பார்க்க முடியவில்லையாம். அதற்குக் கோபப்படாதே. கோபப்பட வேறு விஷயம் இருக்கிறது.

அதை வாங்கப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனாயே, ஞாபகம் இருக்கிறதா? முதலில் பானட்டைத் தொட்டுப் பார்த்தாய். "சூடா இருந்தா, நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி நோயை மறைச்சிருக்காங்கன்னு அர்த்தம்டா." டைமிங் பெல்ட் மாற்றிய பில் கேட்டாய். கண்ணாடி சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அமுக்கினாய். "பிரெஞ்சு வண்டில கரண்டு சமாச்சாரம், கூலன்ட் ஒழுக்கு, ரெண்டையும் விடக் கூடாது. பார்ட்ஸ் நம்மூர்ல லேசுல கிடைக்காது" என்றாய்.

"பிரெஞ்சு சாமியாருங்க வந்து கோயில் கட்டின ஊருக்கா இது. கோயிலும் நிக்குது, காரும் நிக்கும், நடுரோட்டுல!" என்றேன். காதைத் திருகினாய்.

இப்போது அப்பாவிடம் அதை வாங்கியவர் ஆலங்குடி சகாயம் அண்ணன். அவர் மனைவிக்கு இது நிறைமாதம். ஆஸ்பத்திரிக்குப் போய்வரத்தான் கார். நேற்றுப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஃபாதர் வண்டியை மந்திரித்தார். மந்திரித்த வண்டியைக் குடைந்து பார்ப்பது நம் ஆட்களுக்குச் சாமிக்குத்தம். அண்ணன் பானட்டைத் திறக்கவே இல்லை. ஆனால் கீழே செம்மண் நனைந்திருந்ததைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, இதென்னப்பா ஈரம்?"

"தீர்த்தம்ணே. நம்ம ஃபாதருக்குக் கை தாராளம்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. குனிந்து அந்த ஈரத்தை விரலால் தொட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அது கூலன்ட், அக்கா. அது ஒழுகித் தீர்ந்தால் எஞ்சின் சூடேறி வண்டி நிஜமாகவே நடுரோட்டில் நின்றுவிடும். நீ போனபிறகு அந்த டேங்கில் நான்தானே ஊற்றிக்கொண்டிருந்தேன்? எனக்குத் தெரியாதா? அப்போதே சொல்லியிருக்கலாம். திரும்பினால் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். நீ போனபின் அவர் சிரித்து நேற்றுதான் பார்த்தேன். அதற்காகவா வாயை மூடிக்கொண்டேன்? இல்லை, வெறும் பயமா?

விடிந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, வண்டிய எடுக்காதீங்க. நேர்ல வந்து சொல்றேன்."

"இன்னிக்கு அவளுக்குச் செக்கப்புப்பா. காலையிலயே ஒன் வெளையாட்டை ஆரம்பிச்சிட்டியா?"

"வெளையாட்டு இல்லண்ணே. இன்னிக்கு மட்டும் ஆட்டோல போங்க."

குரல் உடைந்துவிட்டது. அதன்பிறகுதான் நம்பினார். நான் உண்மை சொன்னால் நம்புவதற்கு அழுகையும் தேவைப்படுகிறது, பார்த்தாயா?

இதை ஆலங்குடி பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டில் வெளியே பார்த்தபடி வருகிறார். திட்டினாலாவது தேவலை.

அண்ணன் முன்னால் நானே பானட்டைத் திறப்பேன். நீ பார்த்தது போலவே, எஞ்சின் ஆறியிருக்கும்போது, இருக்கும் கோளாறு எல்லாவற்றையும் காட்டுவேன். வேண்டாம் என்றால் வண்டியைத் திரும்பக் கொண்டுவருவோம். வேண்டும் என்றால் சரிசெய்து கொடுப்போம். அந்த நெற்றியை நிமிர்ந்து எப்படிப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

சத்தியமாக, அங்கே ஒரு ஜோக்கும் அடிக்க மாட்டேன்.

நீ திருகாமலே காது சிவந்துபோயிருக்கும்
உன் தம்பி
ஜெரி