கெலமங்கலத்தில் விழாது

கெலமங்கலம்,
3-4-1958

அருமை மாப்பிள்ளை கோவிந்தப்பனுக்கு, மாமன் மாதப்பன் ஆசீர்வாதம்.

பெங்களூர் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா? என் பேர் இங்கே தாலுகா முழுக்கப் பரவிவிட்டது. ரஷ்யாக்காரன் நாயை ஏற்றிவிட்ட செயற்கைச் சந்திரன் சுற்றுக்குச் சுற்று சீக்கிரம் வந்துவிடுகிறது, எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் அதைக் கடிகாரம் வைத்துப் பார்த்து மேலே காற்று எவ்வளவு அடர்த்தி என்று கணக்கிடுகிறோம், நினைத்ததைவிட அடர்த்தி, ஆகவே இம்மாதமே விழும் என்று எழுதினாயே? சந்தையில் நின்று வாசித்தேன். மூன்றாம் பாரம் படித்தவன் சும்மா வாசிப்பேனா? "அதன் கயிறு என் அக்கா மகன் கையில், நம்ம ஊர்ப் பக்கம்தான் இறக்கப்போகிறான்" என்று ஒரு வரி சேர்த்தேன்.

அதுதான் வினை. பேறுகாலத்துக்குப் புருஷன் வீட்டிலிருந்து வந்திருக்கும் என் மகள் சாந்தம்மா, நிறைமாசக்காரி, நாலு நாளாக மாந்தோப்பில் கிடக்கிறாள். "செத்த நாயி கூரை மேல உளுந்துட்டா? தோப்புலன்னா ஓடவாச்சும் ஓடலாம்ப்பா" என்கிறாள். ஓடுகிற உடம்பா அது? மருத்துவச்சி நாராயணம்மா பாம்புக்குப் பயந்து தோப்புக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். "சும்மா சொன்னேன் தாயி" என்றால், "இப்பத்தான் நீ பொய் சொல்ற" என்கிறாள்.

இங்கே விழாது என்று உடனே எழுது.

மாதப்பன்

பெங்களூர்,
7-4-1958

மாமாவுக்கு வணக்கம்.

முடிந்தால் எழுதமாட்டேனா? மேலே காற்றின் அடர்த்தி ஒரே மாதிரி இருப்பதில்லை. விழும் நாளைத் தோராயமாகச் சொல்லலாம். இடத்தை யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலும் வழியிலேயே எரிந்துபோகும். ஆனால் "அங்கே விழாது" என்று நான் கையெழுத்திட்டால் அது பொய். சாந்தாவை எப்படியாவது வீட்டுக்குள் அழைத்துப் போங்கள்.

கோவிந்தப்பன்

கெலமங்கலம்,
11-4-1958

மாப்பிள்ளைக்கு,

பேத்தி பிறந்திருக்கிறாள். வீட்டுக்குள்ளேதான். உன் கடுதாசியைத் தோப்பில் வைத்து வாசித்தேன். யாராலும் சொல்ல முடியாது என்று நீ எழுதிய இடத்தில், "கெலமங்கலத்தில் விழாது, இது என் கையெழுத்து" என்று வாசித்தேன். நான் வாயால் சொன்னால் சிரிப்பவள், காகிதத்தைப் பார்த்துச் சொன்னதும் எழுந்து நடந்து வந்தாள்.

இப்போது தினம் இரண்டு தரம் வாசிக்கச் சொல்கிறாள். இல்லாத அந்த வரியில் விரலை வைத்து, ஒரு சொல் மாறாமல் சொல்கிறேன். என் ஆயுசில் ஒரு பேச்சை இரண்டாம் தரம் எதையும் கூட்டாமல் சொல்வது இதுதான் முதல் தடவை. வாசித்துவிட்டு வாசலுக்குப் போய் மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அவள் தலைமாட்டில் குழந்தை தூங்குகிறது. எனக்கு மட்டும் சொல், மாப்பிள்ளை. நிஜமாகவே இங்கே விழாதா?

உன் மாமன்,
மாதப்பன்