பின் சீட்டு மடக்கும் வண்டி

ஐப்பசி, ஞாயிறு இரவு.

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாங்கி, முதல் ஓட்டமாக இன்று கல்வராயன் மலைக்குப் போனோம். பின் சீட்டை மடக்கியதும் பாப்பா அங்கே தனியாகப் படுத்துத் தூங்கிவிட்டாள். "ஒரு ஆளு நல்லா நீட்டிப் படுக்கலாங்க" என்று வண்டியை விற்ற புரோக்கர் சொன்னது சரிதான்.

வளைவுகளில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒரு பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். மலை ஜனங்களுக்கு என்ன மரியாதை என்று மனைவியிடம் பெருமையடித்தேன். மடையன் நான்.

கரியாலூரில் டீக்கு நிறுத்தினேன். கடைக்காரம்மா பின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சின்னப் புள்ளையா? எந்த ஊருக்குங்க எடுத்துக்கினு போறீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"ஆஸ்பத்திரியில செத்தவங்கள இந்த வண்டியிலதானங்க மேல எடுத்தாருவாங்க."

ஓடிப்போய் பாப்பாவை உலுக்கினேன். அவள் கண்ணைத் திறக்கும்வரை எனக்கு மூச்சில்லை. திரும்பும்போது அவளை மனைவி மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் மனைவி எங்களை நிறுத்தினாள். குளித்துவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே வர வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

தலை துவட்டிவிடும்போது பாப்பா சொன்னாள்.

"நாளைக்கு ஸ்கூலுக்கு நான் முன்னாடியே ஒக்காந்துக்கிறேம்பா. பின்னாடி படுக்க எடம் பத்தல."