பெட்டி பூஜ்யம் காட்டியது

பத்து பெரண்டாம், மலாக்கா
சனிக்கிழமை

அன்புள்ள தம்பி கவிநேசனுக்கு,

அக்கா ராகினி எழுதுவது. பெர்த்தில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குத் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் வாய் திறக்க முடியாது, கஞ்சியை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிறேன். நான் பேச முடியாமல் இருக்கிறேன், உன் போன் பதினொரு நாளாக அணைந்து கிடக்கிறது. கம்பெனி மின்னஞ்சலில் எழுதினால் யார் யார் படிப்பார்களோ. உன்னோடு வீட்டில் தங்கியிருக்கும் தினேஷ்வரன் லீவு முடிந்து திங்கட்கிழமை திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுக்கிறேன். தனியாக உட்கார்ந்து படி.

அந்தச் செவ்வாய்க்கிழமை உன் கணினித் திரையில் தெரிந்தது கொஞ்சம்தான். இங்கே நடந்ததை முழுதாக உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கு அலோர் காஜா பக்கத்துச் செம்பனை எண்ணெய் மில்லிலிருந்து அழைத்தார்கள். செம்பனைக் குலைகளை நீராவியில் வேகவைக்கிற உருளையின் கதவுப் பூட்டுக்கு நம் கம்பெனி மாட்டியிருக்கும் பெட்டி அணைந்து அணைந்து எரிகிறது, உள்ளே பாதி வெந்த பழத்தோடு கதவு பூட்டிக்கிடக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். நீ ஏழு மணிக்கு அனுப்பிய புதிய புரோகிராம் பாதியில் நின்றிருந்தது. புதிதாகத் தகரச் சுவர் ஒன்று எழுப்பியிருந்தார்கள், ஆன்டெனா அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டுவிட்டது. சிக்னல் அறுந்து, பெட்டி பழையதற்கும் திரும்பாமல் புதியதிலும் எழாமல் தவித்துக்கொண்டிருந்தது. ஆன்டெனாவைக் கூரைக்கு வெளியே நீட்டிக் கட்டினேன். கேபிள் போட்டு, வந்திருந்த பாதிக் கோப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து இறக்கினேன். பத்தே முக்காலுக்கு இறங்கி முடிந்தது. பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே அழுத்தம் பூஜ்யம் என்று காட்டியது.

உருளையின் ஒப்பரேட்டர் பெயர் சின்னத்தம்பி. ஐம்பத்திரண்டு வயது, அந்த மில்லில் இருபத்தாறு வருடம். ஆன்டெனா கட்ட எனக்கு ஏணி பிடித்தவர் அவர்தான். கதவுக்கு மேலே இருக்கும் அழுத்த முள்மானியைக் காட்டி, அது வேலை செய்கிறதா அண்ணே என்று கேட்டேன். "அந்த முள்ளு செத்துப்போயி மூணு மாசம் ஆச்சும்மா. எத்தன தடவ ரிப்போர்ட் எழுதிட்டேன். உங்க பெட்டிய நம்பித்தான் லா தெறக்கிறோம்" என்றார்.

அதைக் கேட்டும் நான் நிற்கவில்லை, கவி. மேனேஜர் முதுகுக்குப் பின்னால் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பழம் ஏற்றிய லோரிகள் மெயின் ரோடு வரை நின்றன. காலையிலிருந்து அடைந்து கிடந்த நீராவி ஆறியிருக்கும் என்று நானும் நினைத்தேன். நான் 'சரி' என்று அழுத்தினால்தான் அதே புரோகிராம் மற்ற ஏழு மில்களுக்கும் போகும் என்பது உனக்குத் தெரியும். அழுத்தினேன்.

நீராவி வரும் வால்வு சரியாக மூடாமல் உள்ளே கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. உருளை முழு அழுத்தத்தில் நின்றது. நம் பெட்டியோ பூஜ்யம் என்று சொல்லிப் பூட்டை விடுவித்துவிட்டது. சின்னத்தம்பி அண்ணன் கைப்பிடியைத் திருப்பினார்.

நான் இருபது அடி தள்ளிக் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் தரை என்னைத் தூக்கிப் போட்டது. ஆள் உயரத்துக்கு மேலான அந்த இரும்புக் கதவு கீல் பிய்ந்து வீசியடித்தது. வெந்த குலைகள் பீரங்கிக் குண்டு மாதிரி பறந்து எதிர்த் தகரத்தைக் கிழித்தன. ஒரே வெள்ளைப் புகை. அது விலகியபோது சின்னத்தம்பி அண்ணன் எதிர்ப் பக்கக் கம்பி வேலியில் மடிந்து கிடந்தார். முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. கை ஒன்று தோளோடு போயிருந்தது. கால் மட்டும் கொஞ்ச நேரம் உதைத்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. அவர் மேலிருந்து ஆவி எழுந்துகொண்டே இருந்தது.

அவருடைய தம்பி தனேஷ் அதே மில்லில் லோரி இறக்கும் இடத்தில் வேலை செய்கிறான். ஓடி வந்தான். அண்ணனைத் தூக்கப் போனான், தோல் கையோடு வந்தது. அவன் போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். "நீதானடி சரியாயிடுச்சின்னு சொன்ன" என்று கேட்டுக்கொண்டே தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றி அடித்தான். முதல் அடியிலேயே தாடை போய்விட்டது, வாய்க்குள் பற்கள் உருண்டன. இரண்டாவது அடி காதில். விழுந்த பிறகு விலாவில் உதைத்தான். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் என் மடிக்கணினியைக் குழாயில் அடித்து உடைத்தான், இன்னொருவன் என் முடியைப் பிடித்துச் சின்னத்தம்பி அண்ணன் பக்கம் இழுத்தான். "பாரு, பாரு, நீயே பாரு" என்று கத்தினார்கள். பார்த்தேன்.

அப்போதுதான் மற்ற ஏழு மில்கள் நினைவுக்கு வந்தன. அங்கேயும் பெட்டிகள் பூஜ்யம் காட்டிக்கொண்டிருக்கும். ஏழு கதவுக்கு முன்னாலும் ஒவ்வொரு ஆள் நின்றுகொண்டிருப்பான். கத்தப் பார்த்தேன், ரத்தம்தான் வந்தது. சட்டைப் பையில் பேனா இருந்தது. சர்வீஸ் தாளின் பின்பக்கத்தில் 'மற்ற ஏழு மில்லிலும் இதே. கதவைத் திறக்க வேண்டாம். போன் செய்' என்று எழுதி, யாரிடம் நீட்டுகிறேன் என்று தெரியாமல் மேலே நீட்டினேன். வாங்கியவன் தனேஷ்.

அவன் அதைப் படித்தான். காலை ஓங்கியவனை ஒரு கையால் தள்ளிவிட்டு, "நிறுத்துங்கடா, இன்னும் ஏழு எடத்துல ஆளு சாவப் போறான்" என்று கத்தினான். என் போனை என் விரலாலேயே திறந்து, மில் எண்கள் இருக்கும் இடத்தை நான் காட்டக் காட்ட ஒவ்வொன்றாக அழைத்தான். மலாயில் கத்தினான், தமிழில் கத்தினான், அழுதான், அடுத்த எண்ணை அழுத்தினான். ஐந்தாவது மில்லில் ஒப்பரேட்டர் கைப்பிடியைப் பாதி திருப்பிவிட்டாராம். அங்கே இருந்த முள்மானி நல்லது, பார்த்தபோது முழு அழுத்தத்தில் நின்றதாம். ஏழு பேரும் பிழைத்தார்கள்.

உன்னையும் அவன்தான் அழைத்தான். 'பழைய புரோகிராமைத் திருப்பி அனுப்பு' என்று நான் எழுதியதைப் படித்துச் சொன்ன குரல் ஞாபகம் இருக்கிறதா? நீ ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. இருபது நிமிடத்தில் எட்டுப் பெட்டியையும் பழையபடி ஆக்கினாய். அதை நான் விசாரணைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் குரலுக்கு உரியவன் அப்போது அண்ணன் பிணத்துக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான் என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

தனேஷை போலீஸ் அன்றைக்கே பிடித்துப் போனது. என்னை அடித்தது அவன்தான் என்று எழுதிக் கொடுத்தேன். ஏழு பேரைக் காப்பாற்றியதும் அவன்தான் என்று அதற்குக் கீழேயே எழுதினேன். அவனை மன்னித்துவிட்டதாக நினைக்காதே. கண்ணை மூடினால் அந்த ஹெல்மெட் வருகிறது. யாராவது வேகமாக அறைக்குள் வந்தால் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறேன், அப்பா வந்தாலும்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்கு மலர்க்கொடி வந்தார், சின்னத்தம்பி அண்ணனின் மனைவி. அம்மா பயந்து எழுந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டார். அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. கையில் நம் கம்பெனி அனுப்பிய விபத்து அறிக்கைக் காகிதம். "முள்மானிய பாக்காம கவனக்கொறவா தெறந்துட்டாருன்னு போட்டிருக்கு. எம்புருசன் தப்பு பண்ணாராம்மா? அத மட்டும் சொல்லு" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். "தலையாட்டுனா யாரு கேப்பா? எழுதிக் குடு" என்றார். காகிதத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

அதன் அடியில் இரண்டு கையெழுத்து இருந்தது. இரண்டாவது உன்னுடையது.

நீயாக எழுதியிருக்க மாட்டாய், எழுதி வைத்ததில் கையெழுத்துப் போடச் சொல்லியிருப்பார்கள். ஆனால் கவி, அந்த மில்லில் அழுத்தம் அளக்கும் பழைய சென்சாரை இன்னும் மாற்றவில்லை, மற்ற மில்களையும் சரிபார்க்காமல் அனுப்பாதே என்று இரண்டு வாரத்துக்கு முன்பே உனக்குச் செய்தி அனுப்பினேன். "ஓகேக்கா, நோட் பண்ணிக்கிட்டேன்" என்று பதில் போட்டாய். எட்டு மில்லிலும் பழைய சென்சார்தான் இருந்திருக்கிறது. புதிய சென்சாரின் கணக்கை வைத்து அதைப் படித்ததால்தான் எட்டுப் பெட்டியும் பூஜ்யம் காட்டின. உனக்குப் புரிந்திருக்கும். அதனால்தான் போனை அணைத்து வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

ஞாயிறு காலை

நேற்று கை வலித்ததால் நிறுத்தினேன். கம்பெனியிலிருந்து ராமையா வந்தார், பழக்கூடையோடு. நம் பிரிவுத் தலைவர் என்ற முறையில் வந்தாராம். நான் உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டுமாம், விசாரணைக்கு வர வேண்டியதில்லையாம். தம்பியும் அக்காவும் ஒரே கம்பெனியில் இருக்கிறீர்கள், இரண்டு பேர் எதிர்காலத்தையும் யோசித்துக்கொள்ளச் சொன்னார். அம்மா கூடையை அவர் காரிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

அம்மா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டார். நான் தூங்கியபோது எடுத்திருக்கிறார். அழுவார் என்று பார்த்தேன். அடுப்படியில் எனக்குக் கஞ்சியை இறக்கி ஆற்றினார். பிறகு வந்து, "நான் அந்தப் பொம்பள மூஞ்சிய பாத்தவ. அவன வரச் சொல்லு. வேல போனா போவட்டும், சோறு நான் போடுறேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

வியாழன் காலை பத்து மணிக்கு விசாரணை. செத்த முள்மானியைப் பார்த்தும் 'சரி' அழுத்தியது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதற்கு என்ன வருமோ வரட்டும். நீ அனுப்பிய பதிலை இன்னும் யாருக்கும் காட்டவில்லை. வியாழன் பத்து மணி வரை காட்ட மாட்டேன். அதற்குப் பிறகு காட்டாமல் இருக்க என்னால் முடியாது. உன்னைப் பிடித்துக் கொடுக்க இதை எழுதவில்லை. நீயாக அங்கே எழுந்து நின்று சொன்னதாக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தனியாக இருக்காதே. தினேஷ்வரனிடம் மனம்விட்டுப் பேசு. சாப்பிடாமல் படுக்காதே. கெட்ட யோசனை எதுவும் வந்தால் உடனே அம்மாவைக் கூப்பிடு, எந்த நேரமானாலும் எடுப்பார்.

புதன் மாலை பெர்த்திலிருந்து வருகிற விமானம் ஆறே காலுக்கு இறங்குகிறது. அப்பா காரை எடுக்கிறார், நாங்கள் மூவரும் வந்து நிற்போம். நீ நல்லபடியாக வந்து இறங்க வேண்டும் தம்பி. அம்மன் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் மேல் என்றும் மாறாத பாசத்தோடு,
அக்கா ராகினி